பனி விழுமுன் புறப்படும் வீடுகள்

கனடா நாட்டுப் "பனிப்பறவைகள்" போடும் கணக்கு

நம் நாட்டில் கோடை வந்தால் வசதி உள்ளவர்கள் ஊட்டிக்கும் சிம்லாவுக்கும் போகிறார்கள். கனடாவில் விஷயம் தலைகீழ். அங்கே குளிருக்குப் பயந்து வெயிலைத் தேடிப் போகிறார்கள். போகிறவர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. ஓய்வுபெற்ற குமாஸ்தா, லாரி டிரைவர், பள்ளிக்கூட ஆசிரியை என்று பென்ஷனை எண்ணிச் செலவு செய்கிறவர்களே அதிகம்.

இவர்களுக்குப் "பனிப்பறவைகள்" என்று பெயர். அக்டோபர், நவம்பரில் அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போய், மார்ச், ஏப்ரலில் திரும்புகிறார்கள். இவர்களுடைய நலன்களைக் கவனிக்க 1992-ஆம் ஆண்டு முதல் ஒரு சங்கமே இயங்கி வருகிறது.

கிழக்கு மாகாணத்தார் பெரும்பாலும் புளோரிடாவுக்குப் போவார்கள். மேற்கே அல்பர்ட்டா போன்ற மாகாணத்தார் அரிசோனா பாலைவனத்தை நாடுவார்கள். அவர்களில் பலர் ஓட்டலையோ வாடகை வீட்டையோ தேடுவதில்லை. வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிறார்கள்!

வெளி மாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்களுக்கு ஊருக்குப் புறப்படும் நேரத்து அலைச்சல் தெரியும். லீவு, டிக்கெட், கைச்செலவு, சாவி யாரிடம், வாடகையை யார் கட்டுவது என்று பத்துக் கவலை. ஆறு மாதம் வேறு தேசத்தில் தங்கப் போகிற, எழுபது வயதைத் தொட்ட கணவன் மனைவிக்கு எத்தனை கவலை இருக்கும்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

அந்த வாகனத்தைச் சுருக்கமாக "ஆர்.வி." என்கிறார்கள். பஸ் போன்ற வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கக்கூஸ், குளியலறை எல்லாம் இருக்கும். அடியில் மூன்று தொட்டிகள். ஒன்றில் நல்ல தண்ணீர். ஒன்றில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும். மூன்றாவது கக்கூஸ் தொட்டி. சமையலுக்கும் கணப்புக்கும் புரோப்பேன் கேஸ். விளக்குக்கு பாட்டரி. பல வண்டிகளின் கூரையில் இப்போது சூரிய மின்தகடும் உண்டு.

கால்கரி நகரிலிருந்து அரிசோனாவின் குவார்ட்ஸைட் என்ற ஊருக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர். பெரிய வண்டி ஒரு லிட்டருக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீட்டர்தான் ஓடும். அப்படியானால் போவதற்கு மட்டும் 650 லிட்டர் அளவுக்குப் பெட்ரோல் வேண்டும். திரும்பி வருவதற்கும் அதே அளவு. செலவுப் பட்டியலில் முதல் வரி இதுதான்.

குவார்ட்ஸைட் 2020-ஆம் ஆண்டு மக்கள் கணக்கில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட சிற்றூர். குளிர்காலத்திலோ சுற்றியுள்ள பாலைவனம் முழுவதும் வண்டி வீடுகளால் நிறைந்துவிடுகிறது. அங்குள்ள அரசு நிலத்தில் நீண்ட நாள் தங்க 1983-ஆம் ஆண்டு ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் அதன் பருவம். முழுப் பருவத்துக்குமான கட்டணம் பல ஆண்டுகள் 180 டாலராகவே இருந்தது. இடம் மலிவுதான். ஆனால் வண்டி நிற்கும் இடத்துக்கு மின்சார இணைப்பும் குழாய்த் தண்ணீரும் வராது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். கழிவைக் கொண்டுபோய், அதற்கென்று அமைத்த இடத்தில் கொட்டவேண்டும்.

குழாயை உடைக்கும் தண்ணீர்

தண்ணீர் உறைந்தால் கன அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். அந்தச் சிறு பெருக்கம் போதும், வண்டிக்குள் ஓடும் குழாய்கள் வெடிக்க. அதனால் முதல் உறைபனிக்கு முன்பே குழாய்களிலிருந்து தண்ணீரை அடியோடு வடித்துவிட்டு, உறையாத ஒருவகை இளஞ்சிவப்புத் திரவத்தை ஏற்றி வைக்கிறார்கள். குழாயில் கொஞ்சம் தங்கினாலும் உயிருக்கு ஆபத்து இல்லாத திரவம் அது. காரின் ரேடியேட்டரில் ஊற்றும் திரவம் வேறு. அது விஷம். இரண்டையும் மாற்றிவிடக் கூடாது.

நவம்பரில் கிளம்புகிறவர்கள் இந்தத் திரவத்தோடேயே கிளம்புவார்கள். வழியில் மொண்டானாவுக்கும் ஐடஹோவுக்கும் நடுவே மொனைடா கணவாய் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் இரண்டாயிரம் மீட்டருக்கும் அதிக உயரம். அதைத் தாண்டி யூட்டாவின் தென்கோடிக்கு வந்து, இரவில் உறையாத இடம் என்று உறுதியான பிறகுதான் குழாய்களைக் கழுவி நல்ல தண்ணீர் நிரப்புவார்கள். அதுவரை குடிக்க பாட்டில் தண்ணீர், கைகால் கழுவக் கேன் தண்ணீர்.

பாட்டரிக்கும் குளிர் எமன். முழுதாகச் சார்ஜ் ஏறிய பாட்டரி கடுங்குளிரையும் தாங்கும். காலியான பாட்டரி, உறைநிலைக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்து விரிசல் விடும்.

டயரும் எடையும்

லாரி டயர் ஓடி ஓடித் தேயும். வண்டி வீட்டின் டயரோ நின்று நின்று கெடும். ஆண்டில் பாதி நாள் ஒரே இடத்தில் வெயிலில் நிற்பதால் ரப்பர் வறண்டு போகிறது. பார்வைக்குப் புதிதாக இருக்கும் டயர், வேகமாகப் போகும்போது வெடித்துவிடும். அதனால் அனுபவசாலிகள் டயரின் தேய்மானத்தோடு வயதையும் பார்க்கிறார்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஆறேழு வயதான டயரைப் பலர் நம்புவதில்லை.

அடுத்தது சுமை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 300 லிட்டர் தொட்டியை நிரப்பினால் 300 கிலோ கூடிவிட்டது. அதோடு ஆறு மாதத் துணிமணி, பாத்திரம், நாற்காலி, சைக்கிள், கருவிப்பெட்டி. ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு எடைதான் தாங்கும் என்று தொழிற்சாலையிலேயே சீட்டு ஒட்டியிருக்கும். அதை மீறினால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், டயர் சூடாகும். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேள்வி கேட்கும். எனவே சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வண்டியை நிறுத்தி, அச்சுக்கு அச்சு எடை பார்க்கிறார்கள். பல வீடுகளில் அன்று மாலையே சில பெட்டிகள் இறங்கிவிடும்!

இவ்வளவும் மெக்கானிக்கும் பணமும் இருந்தால் முடிகிற வேலை. ஒரு குழாய் வெடித்தால் மாற்றிக்கொள்ளலாம். இனிமேல் வருவது காகிதக் கணக்கு. அதில் தவறினால் மாற்ற முடியாது.

நாட்களை எண்ணுதல்

கனடா நாட்டவர் அமெரிக்காவுக்குப் பார்வையாளராகப் போக விசா வேண்டியதில்லை. பொதுவாக ஆறு மாதம் வரை இருக்கலாம். இது குடிபுகல் இலாகாவின் கணக்கு.

வரி இலாகாவின் கணக்கு வேறு. இந்த ஆண்டு இருந்த நாட்கள் முழுவதும், போன ஆண்டு இருந்த நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்திய ஆண்டின் நாட்களில் ஆறில் ஒரு பங்கு, மூன்றையும் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை 183-ஐ எட்டினால், "நீயும் இந்நாட்டில் வரி கட்டவேண்டிய வாசிதான்" என்று சட்டம் கருதும்.

ஆண்டுதோறும் 120 நாள் தங்குகிறவருக்கு 120, 40, 20 ஆக 180 வரும். தப்பித்தார். ஆண்டுதோறும் 150 நாள் தங்குகிறவருக்கு 150, 50, 25 ஆக 225 வந்துவிடும். அவர் பயப்பட வேண்டாம். ஆனால் சும்மா இருக்கவும் கூடாது. "என் வீடு, குடும்பம், பாங்கு எல்லாம் கனடாவில்தான்" என்று 8840 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்பி அமெரிக்க வரி இலாகாவுக்கு அனுப்பவேண்டும். அந்த ஓர் ஆண்டிலேயே 183 நாள் ஆகிவிட்டால் அந்தப் படிவமும் கைகொடுக்காது.

மூன்றாவது, சொந்த மாகாணத்தின் கணக்கு. கனடாவில் வைத்தியச் செலவை மாகாண அரசு ஏற்கிறது. அந்த உரிமை நிலைக்க, ஒண்டாரியோக்காரர் எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாளாவது தம் மாகாணத்தில் இருந்திருக்கவேண்டும். அல்பர்ட்டாவில் அது 183 நாள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மெக்சிகோவில் கழித்த நாள் அமெரிக்க வரிக் கணக்கில் சேராது. மாகாணத்தின் கணக்கில் வெளியே இருந்த நாளாகச் சேர்ந்துவிடும்.

நான்காவது பென்ஷன். வருமானம் குறைந்த முதியோருக்குக் கனடா அரசு ஒரு கூடுதல் தொகை தருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது நின்றுவிடும். ஏழைப் பறவைக்குத்தான் இந்தக் கத்தரிக்கோல்!

ஒரு காலத்தில் நாட்களைத் தோராயமாகச் சொல்லிச் சமாளித்தவர்கள் உண்டு. இன்று அது நடக்காது. தரைவழியில் ஒரு நாட்டுக்குள் நுழைந்த பதிவே, மற்ற நாட்டைவிட்டு வெளியேறிய பதிவாகிறது. 2019-ஆம் ஆண்டு முதல் கனடா நாட்டவரின் பதிவுகளும் இந்த ஏற்பாட்டில் அடக்கம். 2025 ஏப்ரல் முதல் இன்னொரு கட்டாயமும் வந்தது. முப்பது நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர்கள் அமெரிக்க அரசிடம் பெயரைப் பதிவு செய்யவேண்டும். எல்லையில் வருகைப் பதிவு கிடைத்தவருக்கு அதுவே போதும். தரைவழியாக வந்து அது கிடைக்காதவர் தாமே பதிவு செய்யவேண்டும்.

எனவே பழக்கப்பட்டவர்கள் வண்டியில் ஒரு சிறு நோட்டு வைத்திருக்கிறார்கள். போன தேதி, வந்த தேதி, எந்த எல்லைச்சாவடி என்று மூன்றே பத்திகள். சாவடியைக் கடந்த அன்றைக்குப் பத்து நிமிஷமே அந்த நாட்டில் இருந்தாலும் வரிக் கணக்கில் பொதுவாக அது முழு நாள்தான்.

வரவு ஒரு நாணயம், செலவு ஒரு நாணயம்

பென்ஷன் வருவது கனடா டாலரில். செலவாவது அமெரிக்க டாலரில். இரண்டும் டாலர்தான் என்றாலும் ஒன்றல்ல. 2002 ஜனவரியில் ஒரு கனடா டாலர் 62 அமெரிக்க சென்ட் அளவுக்கு இறங்கியது. 2011-இல் பல மாதங்கள் இரண்டும் சமமாக இருந்தன. 2025 தொடக்கத்தில் மறுபடி 70 சென்டுக்கும் கீழே போனது.

ஒரு தம்பதிக்குக் குளிர்காலச் செலவு 12,000 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாணயங்கள் சமமாக இருந்தால் கனடாப் பணத்தில் அதே 12,000. எழுபது சென்ட் என்றால் 17,143. அறுபத்திரண்டு சென்ட் என்றால் 19,355. அதே பாலைவனம், அதே பெட்ரோல், அதே பென்ஷன். ஏழாயிரம் டாலருக்கு மேல் வித்தியாசம்!

இதற்கு அவர்கள் செய்யும் உபாயம் எளிமையானது. கனடா பாங்கிலேயே அமெரிக்க டாலர் கணக்கு ஒன்று தொடங்கி, கோடையிலேயே மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வைக்கிறார்கள். விலை உயர்ந்த நாளும் இறங்கிய நாளும் கலந்து சராசரியாகிவிடும். புறப்படும் வாரத்தில் மொத்தமாக மாற்றினால் அன்றைய விலைதான் தலைவிதி.

இன்னொரு எச்சரிக்கை. பத்தாயிரம் டாலருக்கு மேல் ரொக்கமாகக் கொண்டுபோகத் தடையில்லை. சாவடியில் சொல்லாமல் கொண்டுபோனால்தான் பறிபோகும்.

ஆஸ்பத்திரிச் செலவு

மற்ற கணக்கெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். அமெரிக்காவில் அவசர சிகிச்சைக்கு ஒரே நாளில் பல ஆயிரம் டாலர் ஆகிவிடும். சொந்த மாகாணம் எவ்வளவு தரும் தெரியுமா? ஒண்டாரியோ ஒரு நாளைக்கு அதிகபட்சம் 400 கனடா டாலர். பிரிட்டிஷ் கொலம்பியா 75 டாலர். மீதியை யார் கொடுப்பது? கொடுக்க முடியாமல் போனால், ஆயுள் முழுதும் சேர்த்த வீடே கைமாற நேரும். அதனால் பிரயாண வைத்திய இன்ஷூரன்ஸ் இல்லாமல் எல்லையைத் தாண்டுவது சூதாட்டம்.

இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டால் மட்டும் போதாது. பல பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு. ஏற்கெனவே உள்ள வியாதி, புறப்படுவதற்கு முன் 90 நாளோ 180 நாளோ ஒரே நிலையில் இருந்திருக்கவேண்டும். இரத்தக் கொதிப்பு மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டினால் அது மாற்றம். நோய் தணிந்ததென்று அளவைக் குறைத்தாலும் பல பாலிசிகளில் அதுவும் மாற்றமே! செப்டம்பரில் மாத்திரை குறைந்ததே என்று மகிழ்ந்தவருக்கு, ஜனவரியில் மார்வலி வந்தபோது ஈட்டுத்தொகை மறுக்கப்படலாம். அதனால் விவரமுள்ளவர்கள் கோடையிலேயே முழுப் பரிசோதனையையும் முடித்து, டாக்டரிடம் பிரயாணத் தேதியைச் சொல்லிவைக்கிறார்கள். மாத்திரை மாறத்தான் வேண்டும் என்றால் மாற்றிக்கொள்வதே முறை. உடனே கம்பெனிக்கு எழுதித் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பிரயாணத்துக்காக மருந்தை ஒத்திப்போடுவது உயிரோடு விளையாடுவது.

விண்ணப்பத்தில் உள்ள வியாதிக் கேள்விகளை மகனோ மகளோ அவசரமாக நிரப்புவதும் ஆபத்து. ஒரு பதில் தவறானாலும் பாலிசியே செல்லாது போகலாம். சொல்லவே கூசும் இன்னொரு செலவும் உண்டு. அயல்நாட்டில் உயிர் பிரிந்தால் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவு. அதுவும் பாலிசியில் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

எல்லைச் சாவடியில்

வண்டிக்குள் குடித்தனம் நடந்தாலும் சாவடியில் அது வண்டிதான். அதிகாரி ஒவ்வோர் அலமாரியையும் திறந்து பார்க்கலாம். ஆரஞ்சு, எலுமிச்சை, விறகு இவற்றைக் கொண்டுபோகக் கூடாது. பூச்சியும் பயிர்நோயும் பரவும் என்ற பயம். கஞ்சா 2018 முதல் கனடாவில் சட்டப்படி செல்லும். ஆனால் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் குற்றம். நாய்க்குட்டி கூட வந்தால் அதற்கும் காகிதம் வேண்டும். 2024 ஆகஸ்ட் முதல் ஆறு மாதம் நிரம்பாத நாய்க்கு அனுமதி இல்லை.

"எப்போது திரும்புவீர்கள்?" என்பதுதான் முக்கியமான கேள்வி. திரும்பி வருவோம் என்பதைக் காட்ட வீட்டு வரி ரசீது, பாங்குக் கணக்கு, இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கவேண்டும். அங்கே வேலை செய்யக் கூடாது. சில முகாம்களில் "இட வாடகை வேண்டாம், வாரத்தில் சில மணி நேரம் கேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். காசு கைமாறாவிட்டாலும் அது வேலைதான். பிடிபட்டால் மறுபடி நுழைய முடியாது போகலாம்.

அங்கிருந்து மெக்சிகோவுக்கு இறங்குகிறவர்களும் உண்டு. அங்கே 180 நாள் வரை தங்க அனுமதி கிடைக்கும். கனடாவில் எடுத்த வாகன இன்ஷூரன்ஸை மெக்சிகோ சட்டம் ஏற்காது. மெக்சிகோ பாலிசி தனியாக வாங்கவேண்டும். பாஹா தீபகற்பத்தைத் தவிர உள்நாட்டுக்குப் போனால் வண்டிக்கும் தற்காலிக இறக்குமதிப் பத்திரம் தேவை. ஆர்.வி.க்குப் பத்தாண்டுப் பத்திரமே தருகிறார்கள்.

பூட்டிய வீடு

வண்டி தெற்கே வெயிலில் நிற்கும்போது, கனடாவில் வீடு முப்பது டிகிரி உறைகுளிரில் நிற்கும். தண்ணீரின் தலைக்குழாயை அடைத்துவிட்டு, கணப்பை மட்டும் குறைந்த அளவில் ஓடவிட்டுப் போகிறார்கள். அப்படியும் கணப்பு நின்றுபோனால் வீட்டுக்குள் குழாய் வெடிக்கும். யாராவது அடிக்கடி வந்து பார்க்கவேண்டும் என்பது பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் நிபந்தனை. வந்து பார்த்த தேதியை எழுதி வைக்கும் அண்டைவீட்டார் கிடைத்தால் அது பெரும் பேறு. நடைபாதைப் பனியை அள்ளவும் ஆள் வேண்டும். லைசென்ஸ், வண்டிப் பதிவு எதுவும் நடுக்குளிரில் காலாவதியாகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். உயிலும், பிள்ளைகளில் ஒருவருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரமும் எடுக்கும் இடத்தில் இருக்கவேண்டும்.

எந்த ஆண்டோடு நிறுத்துவது?

2025-ஆம் ஆண்டு இரு நாட்டு அரசுகளுக்கும் வரிச்சண்டை மூண்டது. கனடா நாட்டவரின் அமெரிக்கப் பயணம் வெகுவாகக் குறைந்தது. "இந்த ஆண்டு போகவேண்டாம்" என்று ரோஷத்தோடு வண்டியை நிறுத்தியவர்கள் உண்டு. மூட்டுவலிக்கு வெயில்தான் மருந்து என்று போனவர்களும் உண்டு.

ஆனால் பெரும்பாலானவர்களை நிறுத்துவது அரசியல் அல்ல, வயது. இன்ஷூரன்ஸ் கட்டணம் வயதோடு ஏறும். ஒரு நாள் டாக்டர், "கண் சரியில்லை, கனரக வண்டி வேண்டாம்" என்பார். தம்பதியில் ஒருவர் மட்டுமே ஓட்டத் தெரிந்தவர் என்றால், அவர் படுத்துவிட்டால் மற்றவர் பாலைவனத்தில் வண்டியோடு நிற்பார். அதனால் இருவரும் ஓட்டவும், கேஸை மூடவும், கழிவுக் குழாயைப் பொருத்தவும் தெரிந்துகொண்ட பிறகே கிளம்பவேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்கிறார்கள்.

திரும்பும் தேதியிலும் பத்து நாளாவது கையிருப்பு வைக்கிறார்கள். மார்ச்சிலும் மொனைடாவில் பனி கொட்டும், பாதை அடைபடும். "பனி தடுத்தது" என்று சொன்னால் நாள் கணக்கு போடும் அதிகாரி கேட்டுக்கொள்வார் என்று நம்பி இருக்க முடியாது. ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலை, நோட்டில் வந்த தேதியை எழுதிக் கூட்டிப் பார்ப்பது. அடுத்த குளிருக்கு எத்தனை நாள் மிச்சம் என்பது அந்தக் கூட்டலில் தெரிந்துவிடும். டயரை ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் பரிசோதனைக்கு நாள் கேட்கப் போகிறார்கள்.